முடிச்சூரின் வெள்ளமும் எண்ணூரின் சாம்பலும்: சூழல் நீதிக்கு யார் தலைமை?

2015 டிசம்பர் வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கம் ஏரிதான் பேச்சில் முந்திக்கொள்கிறது. அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கியதில் அதற்குப் பங்கு உண்டு. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றோடு கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூர் ஆற்றோட்டத்தில் அதற்கும் மேலே இருக்கிறது. ஊருக்குள் புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும், தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. மழையும்தான்.

இந்த வேறுபாட்டை விடாமல் எடுத்துச் சொன்னவர்கள் முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்போர் நலச் சங்கத்தினர். அவர்களது வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓடை எங்கே ஓடியது என்று நிறுவப் புல எண் வேண்டும், அ-பதிவேடு வேண்டும், புலப்படம் வேண்டும். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரே வெள்ளத்துக்கு இரண்டு ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுக்க வேண்டும். அடையாறு அகலமானதற்கும் மூடுகால்வாய்கள் வந்ததற்கும் பின்னால் இத்தகைய சலியாத அலைச்சல் இருக்கிறது. சூழல் இயக்க வரலாறுகளில் இவர்களுக்கு இடம் தரப்படாதது பெரிய குறை என்பது என் கருத்து.

ஆனாலும் இந்தத் தலைமை வடிகாலோடு நின்றுவிடக் கூடாது. வண்டலூரில் தொடங்கி இப்பகுதி வழியாகச் செல்லும் வெளிவட்டச் சாலை சுமார் 62 கி.மீ. ஓடி மீஞ்சூரில் முடிகிறது. அதற்கு அருகே, எண்ணூர்ப் பகுதியில் இருக்கிறது வடசென்னை அனல்மின் நிலையம். சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்து கசிந்ததில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் தூர்ந்தது. இறால் பிடித்த இடங்கள் சேறாயின. 2016இல் மீனவர்கள் தொடுத்த வழக்கில், 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. அங்கே தலைமை, பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே எழுந்தது; நித்யானந்த் ஜெயராமன் போன்ற செயற்பாட்டாளர்கள் துணை நின்றார்கள்.

முடிச்சூரையும் எண்ணூரையும் இணைக்க எடுக்கக்கூடிய ஒரு வாதம், நிலக்கரிப் புகையே 2015 மழையைக் கொண்டுவந்தது என்பது. அது நிற்காது. வான் ஓல்டன்போர்க் குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு, அம்மழையில் புவி வெப்பமாதலின் தெளிவான தடம் இல்லை என்றே கூறியது. எண்ணூருக்கும் நமக்குமான உறவை நீதியின் வழியே நிறுவுவதுதான் உறுதியானது: மாநகரம் முழுவதும் மின்சாரத்தை அனுபவிக்கிறது, சாம்பல் சில குப்பங்களின் மேல் விழுகிறது. மேல்பகுதி ஏரிகளின் நீரை ஊருக்குள் வாங்கிய மக்களுக்கு இந்த அநியாயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

தூய ஆற்றலுக்கு மாறும்போதும் இதே அநியாயம் வேறு உருவில் வரலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் கூரைச் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. கூரை சொந்தமாக உள்ளவருக்குத்தான் அது. தாம்பரத்துப் புறநகர்களில் வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலையைக் கொடுத்துக்கொண்டு, அந்த மானியத்தைத் தூரத்தில் நின்று பார்க்கிறார். பொதுக் கூரையில் விளையும் மின்சாரத்தைப் பல இணைப்புகளின் கணக்கில் பங்கிட டெல்லி 2019இலேயே விதி வகுத்தது. பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றின் கூரைகளை வைத்து இங்கும் வாடகைதாரருக்குப் பங்கு கேட்கலாம். அதைக் கேட்கும் குழுவில் வாடகைதாரரும் பெண்களும் பொறுப்பில் இருக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிப் பேசினால் இந்தக் கோரிக்கையே எழாது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. ஊராட்சிக்குக் கிராம சபை உண்டு. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் அது கூடுகிறது. நீர்வழிகளைப் பற்றிய தீர்மானத்தோடு, பொதுக் கூரை மின்சாரத்தில் வாடகைதாரருக்குப் பங்கு கேட்கும் தீர்மானத்தையும் நலச் சங்கத்தார் அந்தச் சபையில் முன்மொழிய வேண்டும்.