நீலக் குழந்தைகளும் புதுச்சேரியும்

1888-ஆம் ஆண்டு பிரான்சின் மார்சேய் நகரில் ஃபலோ என்ற மருத்துவர், உதடும் நகமும் நீலம் பாய்ந்த நோயாளிகளின் இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்தே இருப்பதை விளக்கி எழுதினார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1823-லேயே அங்கு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் இந்த நோய்க்கு அன்று எங்குமே சிகிச்சை இல்லை.

1944-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிளேலாக், ஹெலன் டௌசிக், விவியன் தாமஸ் ஆகியோர், கைக்குச் செல்லும் ரத்தக்குழாயை நுரையீரல் தமனியோடு இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு வழி கண்டனர். 1954 ஆகஸ்டில் மினசோட்டாவில் லில்லிஹை இதயத்தைத் திறந்து குறைகளையே சரிசெய்தார். அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. பழைய மருத்துவப் பள்ளியின் வழியில் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாகி, 1964-ல் ஜிப்மர் ஆனது. 1960-களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் கோபிநாத் திறந்த இதய அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைத்தார்.

குழந்தைகள் பிழைத்தார்கள். கதை அங்கே முடிந்துவிட்டதாகவே பலரும் நினைத்தனர். ஆனால் குறுகிய பாதையை அகலப்படுத்த வைத்த ஒட்டினால், பலருக்கு நுரையீரல் வால்வு சரியாக மூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வரும். முதலில் இது பெரிய தீங்கில்லை என்றே கருதப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. வலது கீழறை வீங்கித் தளர்கிறது. தழும்பைச் சுற்றித் துடிப்பு தாறுமாறாகிறது. சிலருக்குத் திடீர் மரணமும் நேர்கிறது.

இதற்கும் வழி பிறந்தது. 2000-ஆம் ஆண்டு பாரிசில் போன்ஹோஃபர் என்ற மருத்துவர், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே புதிய வால்வைப் பொருத்திக் காட்டினார்.

ஆனால் நோயாளி வந்தால்தானே சிகிச்சை! கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் ஜிப்மருக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு நாள் கூலி, பஸ் செலவு எல்லாமே கணக்குதான். பிள்ளை நன்றாக ஓடியாடும்போது எக்கோ எதற்கு என்று தோன்றும். தொந்தரவு வெளியே தெரிவதற்கு முன்பே வலது கீழறை கெட்டுப்போயிருக்கலாம். ஆகவே சிறுவயதில் ஆபரேஷன் ஆனவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, வாழ்நாள் முழுவதும் இதய மருத்துவரிடம் காட்டி வர வேண்டும். அன்று நெஞ்சில் போட்ட தையல் சிகிச்சையின் முடிவு அல்ல, ஆரம்பம்.