பழைய உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் பிறேக்கைத் திருத்துதல்

ஒன்ராறியோவின் தென்பகுதியில் எனக்குச் சிறிய தோட்டக்காணி ஒன்று உண்டு. அங்கே 1970களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட உழவு இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இலையுதிர்காலத்தில், பூசணிக்காய் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். பிறேக்கை மிதித்தேன். மிதி அடிவரை போயிற்று, இயந்திரம் நிற்கவில்லை. கீழே படலையைத் திறந்துவிட்டு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் பூட்டியிருந்த வாளியைத் தரையில் குத்தி இறக்கியதால் ஒருவாறு நின்றது.

பழுதுக்குக் காரணம் இயந்திரத்தின் வயதல்ல, நான்தான். பிறேக் எண்ணெய் குறைந்திருந்தபோது, காருக்கு வாங்கி மிஞ்சிய திரவத்தை ஊற்றியிருந்தேன். பழைய இயந்திரம் வைத்திருப்போருக்கு உதவக்கூடும் என்பதால், அதைத் திருத்திய விதத்தை இங்கே எழுதுகிறேன்.

வேலை செய்யும் விதம்

ஊரில் நாங்கள் கண்ட மசி பேர்குசன் 135 இன் பிறேக் கம்பிகளால் இயங்குவது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும். ஹைட்ரோலிக் பிறேக்கில் கம்பியின் வேலையைத் திரவம் செய்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விதிதான் இதற்கு அடிப்படை. மிதி, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் குழாய் வழியே சென்று, பின்சில்லுப் பக்கமுள்ள சிறிய பிஸ்டனைத் தள்ளும்.

காரில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் தனித்தனி மிதிகள். வயலில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துச் சட்டென்று திருப்பலாம். தெருவில் ஓடும்போது இரண்டையும் கொளுக்கியால் இணைத்துவிட வேண்டும்.

எந்தத் திரவம்?

கார்களுக்கான டொட் 3, டொட் 4 திரவங்கள் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தவை, ஈரத்தை உறிஞ்சுபவை. பல உழவு இயந்திரங்களின் பிறேக்குக்கோ கனிம எண்ணெய்தான் வேண்டும். இரண்டுக்கும் சீல் றபர் வேறு. கனிம எண்ணெய்க்கான நைட்ரைல் றபர் கிளைக்கோலில் ஊதிக் கெட்டுவிடும். கிளைக்கோலுக்கான றபர் கனிம எண்ணெயில் ஊதிவிடும். என் இயந்திரத்தில் முதலில் பிறேக் விடாமல் பிடித்தது. பிறகு சீலின் விளிம்பு பிய்ந்து, மிதி இறங்கியது. நிறத்தைப் பார்த்துத் திரவத்தை முடிவுசெய்யக்கூடாது. கைநூலையும் மூடியில் பொறித்திருப்பதையும் பாருங்கள். மாறி ஊற்றிவிட்டால் வடித்துவிட்டால் மட்டும் போதாது. குழாய்களைக் கழுவி, றபர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பழுதை அறிதல்

மிதி பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று. அழுத்திப் பிடிக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் சீல். வெளியே கசிவு இல்லாமலே எண்ணெய் குறைந்தால், பிறேக் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் இயந்திரங்களில் அது பின் அச்சுக்குள் கசிகிறது என்று பொருள்.

திருத்துதல்

சமதரையில் நிறுத்தி, வாளியையும் கருவிகளையும் தரையில் இறக்கி, சில்லுகளுக்கு அண்டை கொடுங்கள். உயர்த்தினால் ஜக்கை மட்டும் நம்பாமல் தாங்கி வையுங்கள். பழைய உலர்பிறேக் என்றால் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கனடாவில் அது 2018 இல்தான் தடைசெய்யப்பட்டது.

சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் புதுச் சிலிண்டர்தான். புதுச் சீலை அதே வகைத் திரவத்தில் நனைத்து, விளிம்பு அழுத்தப் பக்கம் பார்க்கும்படி போடுங்கள். மிதிக்கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சிறிது இடைவெளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், திரவம் தொட்டிக்கு மீளும் சிறு துளை அடைபட்டு, பிறேக் பிடித்தபடியே சூடேறும்.

காற்றெடுக்க இருவர் வேண்டும். நான் கீழே இருந்தேன், மகள் மேலே.

"அப்பா, இப்ப அழுத்தட்டோ?"

"அழுத்திப் பிடி பிள்ளை. நான் சொல்லும்வரை விடாதே."

அவள் அழுத்த, நான் திருகைத் திறந்தேன். கண்ணாடிக் குழாய் வழியே குமிழிகள் வந்தன. திருகை மூடிய பின்தான் அவள் காலை எடுத்தாள். குமிழி நிற்கும்வரை இப்படியே ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். இடையில் தொட்டி வற்றவிடக்கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கடைசியாக, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பிறகு மிதிகளை இணைத்து, சமதரையில், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரு சில்லும் ஒன்றாக நிற்கவேண்டும். ஒன்று முந்தினால் தெருவில் இயந்திரம் அந்தப் பக்கம் இழுத்துத் திரும்பிவிடும். இத்தனையும் சரியான பின்தான் ட்ரெய்லர்.

இப்போது எங்கள் கொட்டகையில் பிறேக் எண்ணெய்ப் போத்தல்கள் இரண்டும் வெவ்வேறு தட்டுகளில் இருக்கின்றன. எண்ணெய்த் தொட்டியின் மூடியில் எந்த எண்ணெய் என்று வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறது. எழுதியவள் மகள்.