மேற்கே அறுந்த கேபிள், கிழக்கே திரும்பிய இணையம்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இணையம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆனால் முழுவதும் நிற்கவில்லை. காரணம் என்ன?

இணைய நிறுவனங்களின் கண்காணிப்பு அறைகளில் டெக்னீஷியன்கள் இரவும் பகலும் ஷிப்டு போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களின் அடிப்படைக் கருவிகளில் ஒன்று, 1983-ல் அமெரிக்கர் மைக் மூஸ் எழுதிய 'பிங்'. தொலைவில் உள்ள கணினியை "இருக்கிறாயா?" என்று அது கேட்கும். பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்றும் காட்டும். பதிலே வராவிட்டால், வழியில் கோளாறா என்று தேடத் தொடங்குவார்கள்.

அன்று மேற்குப் பாதை அடைபட்டதும் போக்குவரத்தைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் சென்னை-சிங்கப்பூர் கேபிள் 2002 முதலே இருந்தது. அறுந்ததைக் கப்பல்கள் சரிசெய்ய ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது.

நெட் ஓடும்வரை இவர்களை யாரும் நினைப்பதில்லை. நின்றால் மட்டும் திட்டு விழும்.