யவனர் பொற்காசும் தமிழன் உரைகல்லும்

சுங்கை ஊடாங் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பொன் என்றால் பவுன். பவுன் என்றால் நகை. காசுமாலை கழுத்தில் ஏறியபின் அக்காசின் முகத்தை நோக்குவார் யார்? பவுன் என்னும் சொல்லே ஆங்கில நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதையும் நம்மில் பலர் எண்ணுவதில்லை. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன் உரோமாபுரிக் காசும் இவ்வாறே தமிழர் கையை அடைந்தது.

1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை ஆண்ட பேரரசர்களின் காசுகள் அதில் இருந்தன. யவனர் மரக்கலங்கள் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறும். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என வெஸ்பாசியன் காலத்துப் பிளினி வருந்தி எழுதினார். நூல்கள் இரண்டும் சொன்னதற்குக் காசு சான்றாயிற்று.

இக்காசை அறிவது எங்ஙனம்? முதலில் முகத்தையும் எழுத்தையும் காண்க. திபேரியஸின் காசொன்றில் முன்புறம் அவன் தலை. சுற்றிலும் இலத்தீன் எழுத்தில் அவன் பெயர். பின்புறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த மங்கை. அடுத்து எடை. அகஸ்டஸ் காலத்துக் காசு ஏறத்தாழ 7.9 கிராம்; நம் பவுனுக்கு மிகச் சிறிதே குறைவு. கி.பி. 64-இல் நீரோ அதனை ஏறத்தாழ 7.3 கிராமாகக் குறைத்தான். மூன்றாவது வேலைப்பாடு. உரோமர் இரண்டு அச்சுகளுக்கிடையே பொன்வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். எழுத்தறியாதார் பார்த்துச் செய்த போலிகளிலோ எழுத்துகள் பொருளற்ற கீறல்களாய் நிற்கும்.

புதுக்கோட்டைக் காசுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் மன்னன் முகத்தின்மீது வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே செம்போ என்று சோதித்தனர் என்பர் சிலர். நாணயமாக இனிச் செல்லாது, பொன்னாகவே செல்லும் எனக் காட்டினர் என்பர் வேறு சிலர். எதுவாயினும், அயல்மன்னன் முகத்தினும் பொன்னின் தரமே பெரிதெனக் கொண்டனர் என்பது தெளிவு.

அத்தரம் காணும் கலையைத் தமிழன் நாம் வாழும் இத்தீபகற்பத்திற்கும் கொணர்ந்தான். தென் தாய்லாந்தின் கிராபிப் பகுதியிலுள்ள குவான் லுக் பாட்டில் ஓர் உரைகல் கிடைத்தது. அது பெரும்பத்தன் என்பானுடைய கல் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு என்பர். பத்தன் என்றால் பொற்கொல்லன். பால்மரம் சீவவே தமிழன் முதன்முதல் இங்கு வந்தான் என்போர் அக்கல்லைக் காண்பாராக! கைத்தொழிலும் எழுத்தும் உடையவனாக அவன் அன்றே வந்தான்.

தோழர்களே! உரைகல் பொன்னின் மாற்றைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. காலத்தைச் சொல்வது எழுத்தே. மண்ணில் பழங்காசு கிடைத்தால் பூதம் காத்த புதையல் என்று பலியிடுவதும், இரவோடிரவாக உருக்கி விற்பதும் அறிவுடைமை ஆகுமா? உருக்கிய பொன்னுக்கு விலை உண்டு. அதில் அழிந்த வரலாற்றை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது. பழங்காசைக் கண்டால் காட்சிச்சாலைக்கு அறிவிக்கவும், அதன் எழுத்தைப் படிக்கவும் நம் சிறுவர்க்குக் கற்பிப்போமாக.