இடைச்செருகல் எனப்பட்ட மூலம்: ‘அட்வெஞ்சர்’ ஆட்டத்தின் பாட வரலாறு

படம் எதுவுமின்றிச் சொற்களாலேயே ஒரு நிலவெளியைக் கட்டியெழுப்பி, ஆடுபவர் தட்டச்சிடும் ஓரிரு சொற்களுக்கு மறுமொழி தந்து நகர்வது ஊடாட்டப் புனைவு. அவ்வகைக்கு முன்னோடியாகக் கொள்ளப்படும் ‘அட்வெஞ்சர்’ என்னும் கணினி ஆட்டத்தை, அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றிய வில் க்ரவுதர் 1975–76இல் எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதனை 1977இல் விரித்தெழுதினார். உலகம் ஆடியது வுட்ஸின் விரிவையே. இருவர் கைபட்ட பனுவலில் எது யாருடையது என்னும் வினாவுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு விடை வழங்கிவந்தது. அது பிழையான விடை.

அவ்விடை இதுதான்: க்ரவுதர் ஒரு குகையாய்வாளர், எனவே அவர் எழுதியது ஒரு மெய்யான குகையின் நேர்ச்சித்திரம் மட்டுமே. கோடரி எறியும் குள்ளன், மந்திரச் சொற்கள், புதிர்கள் ஆகியவை வுட்ஸ் சேர்த்தவை. சுவடிப் பதிப்பின் மொழியில் சொன்னால், மாயம் முழுவதும் இடைச்செருகல். இயல்நெறி முதலில், கற்பனை பின்னர் என்னும் இவ்வரிசை நேர்த்தியாக இருந்தது. அந்த நேர்த்தியே அதனை ஐயத்திலிருந்து காத்தது எனலாம்.

விடையின் முதற்பாதிக்கு வலுவான அடிப்படை உண்டு. கெண்டக்கி மாநிலத்தின் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதியும் மம்மத் குகையும் நிலத்தடியில் இணைந்தவை என 1972 செப்டம்பரில் மெய்ப்பித்த குழுவில் க்ரவுதரின் மனைவி பட்ரீஷியாவும் இருந்தார். குழுவினர் கொண்டுவந்த அளவைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கும் பணியில் அவ்விணையர் ஈடுபட்டிருந்தனர். பின்னர் மணவாழ்வு முறிந்தது. குகைக்குச் செல்வதும் நின்றது. மகள்கள் ஆடுவதற்கென அக்குகையின் பெட்குவில்ட் பகுதியைச் சொற்களில் அமைக்கத் தொடங்கியதாக க்ரவுதரே பிற்காலத்தில் கூறியுள்ளார். ஆட்டத்தின் இட விவரிப்புகளில் அளவையாளரின் கண் தெளிவாகத் தெரிகிறது: திசை, கூரையின் உயரம், தரையின் தன்மை, வழி குறுகும் இடம். ‘ஒய்2’ என்னும் அறைப்பெயர் புதிர்ச்சொல் போலத் தோன்றினும் அது குகை அளவையாளர் இடும் நிலையக் குறியீடு.

பிற்பாதிக்கு அத்தகைய சான்று இல்லை. தம் ஆட்டத்திற்குக் குகை அனுபவத்தோடு, அந்நாளில் தாம் நண்பர்களுடன் ஆடிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் பாத்திர ஆட்டமும் தூண்டுதல் என்று க்ரவுதர் மறைத்ததில்லை. ஆயினும் அவரது மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டதால் ஊகம் வரலாறாக நின்றது.

ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸ் வைத்திருந்த மாணவர் கணக்கின் காப்பு நகல்களிலிருந்து அந்நிரல் மீண்டது. அதனை ஆராய்ந்து டென்னிஸ் ஜெர்ஸ் 2007இல் வெளியிட்ட கட்டுரை விடையை மாற்றியது. பிடிபி-10 கணினிக்கென ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட சுமார் 700 வரி நிரல், அதே அளவு தரவு, 193 சொற்கள் கொண்ட சொற்பட்டியல்: இச்சிறு பரப்பிலேயே குள்ளனும் கோடரியும் இருந்தன. வழிமறிக்கும் பாம்பும் அதனை விரட்டும் பறவையும் இருந்தன. இன்றுவரை ஆட்டக்காரர் நினைவில் நிற்கும் ‘எக்ஸ்ஒய்இசட்இசட்ஒய்’ என்னும் மந்திரச் சொல்லும் க்ரவுதருடையதே. இடைச்செருகல் என ஒதுக்கப்பட்டது மூலபாடம்.

இதனால் வுட்ஸின் பங்கு குறைவதில்லை. ஸ்டான்ஃபோர்டு மருத்துவ மையக் கணினியில் இந்த ஆட்டத்தைக் கண்ட அவர், ஆசிரியரின் முகவரி அறியாமையால், அன்றைய ஆர்ப்பாநெட்டின் எல்லாக் கணினிகளிலும் ‘க்ரவுதர்’ என்ற பெயருக்கு மடல் அனுப்பி அவரைக் கண்டறிந்து, இசைவு பெற்ற பின்னரே விரித்தார். (பிறர் பனுவலை விரிப்போர் எத்தனை பேர் இவ்வளவு உழைக்கின்றனர்!) மதிப்பெண் முறையும் எரிமலையும் கரடியும் அவர் வழங்கியவை. ஆட்டத்திற்கு ஒரு முடிவும் அதனை நோக்கிய இலக்கும் அவரால் அமைந்தன.

நிரலைப் படிப்பதோடு ஜெர்ஸ் நிற்கவில்லை. குகையாய்வாளர்களுடன் அக்குகைக்குள்ளேயே இறங்கி, பனுவலின் இடங்களை நிலத்தோடு ஒப்பிட்டார். க்ரவுதர் மந்திரத்தைப் புகுத்தியபோதும் வழிகளின் அமைப்பைப் பெரிதும் மெய்யாகவே வைத்திருந்தார் என்பது அவ்வொப்பீட்டில் தெரிந்தது. மாயமும் அளவையும் ஒரே கையில், ஒரே வேளையில் எழுந்தவை.

இந்த ஆட்டத்தை நுகரும் முறையும் இதிலிருந்தே விளங்கும். தாளும் எழுதுகோலும் இன்றி அதனை ஆட இயலாது. கிழக்கே சென்றவர் மேற்கே திரும்பினால் புறப்பட்ட இடம் கிட்டும் என்னும் உறுதி அங்கில்லை. எல்லா அறைகளும் ஒன்றுபோல் விவரிக்கப்படும் சுழல்வழியில், ஆடுபவர் தம் கைப்பொருள்களை அறைக்கு ஒன்றாக விட்டுச்சென்று, அவற்றையே அடையாளமாகக் கொண்டு வரைபடம் தீட்டுகிறார். பாறையில் குறியிட்டு முன்னேறும் குகை அளவையாளரின் வேலையும் அதுவே. கதையை அறிய ஆடுவோர் பலர் இவ்விடத்தில் சலிப்புற்று விலகுவர். இடத்தை அறிய ஆடுவோருக்கு இன்பம் இங்குதான் தொடங்குகிறது. ஆட்டத்தை மட்டும் ஆடிப் பழகிய ஒருவர், பெட்குவில்டுக்குள் முதன்முறை சென்றபோதே வழி தெரிந்து நடந்ததாக அப்பகுதிக் குகையாய்வாளரிடையே ஒரு செய்தி வழங்குகிறது.