முத்திரையும் கீறலும்: பாண்டத்தின் பெயர் யாருடையது?

பழம்பாண்டம் ஒன்றில் தேய்ந்த எழுத்துத் தென்பட்டால், அது செய்தவர் பெயரா, உடையவர் பெயரா என்பதே முதல் வினா. விடையைச் சொல்லில் மட்டும் தேடலாகாது. எழுத்து எப்போது பதிந்தது என்பதையும் நோக்க வேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு வாணலியின் அடியில் அச்சிலேயே அமைந்த பெயர் பட்டறையினுடையது. சித்தூர், திருப்பதி வீடுகளின் பித்தளைப் பாத்திரங்களில் பின்னர் வெட்டப்பட்ட பெயரோ பெரும்பாலும் உடையவருடையது அல்லது சீராக அளித்தவருடையது.

இவ்வேறுபாட்டின்மீது தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணிப்பே ஒருகாலத்தில் நின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலிய அரெட்டைன் கலத்துண்டுகளில் விபி, காமுரி, இட்டா ஆகிய குயவர் முத்திரைகள் உள்ளன. அவை சுடுவதற்குமுன் ஈரக்களிமண்ணில் அழுத்தப்பட்டவை. 'காமுரி' இலத்தீனில் உடைமை வேற்றுமை: காமுரியுசினுடையது. ஆயினும் அது குறிப்பது செய்தவரையே.

அரெட்டைன் கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே அறியப்பட்டிருந்தது. எனவே, 1945இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அவற்றுடன் கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் வகுத்தார். 1947இல் பிரம்மகிரிப் பெருங்கற்படைப் பண்பாட்டுக்கும் அதை விரித்தார். பின்னர் விமலா பெக்லியின் ஆய்வுகள் அரிக்கமேட்டின் தொடக்கத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துக்குக் கொண்டுசென்றன. முத்திரை கலத்தின் காலத்தைச் சொல்லும். ஊரின் தொடக்கத்தைச் சொல்லாது.

எகிப்தின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளன. அங்கே வேற்றுமை உருபே இல்லை. ஆயினும் அவை உடையவரைக் குறிப்பனவாகவே கொள்ளப்படுகின்றன. பானையெழுத்தைப் படிக்க இலக்கணம் மட்டும் போதாது. களிமண் ஈரமாக இருந்ததா, சுட்டு இறுகியதா என்பதும் தெரியவேண்டும்.