பதினாறு வயது 'நான்'

ஓஎல் படிக்கிற காலத்தில் எங்கட சுகாதாரப் பாடப்புத்தகத்தில் 'கட்டிளமைப் பருவம்' என்று ஒரு அலகு இருந்தது. ரீச்சர் "இதை வீட்டில வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விட்டா. எங்களில் நாலு பேர் நாலு பள்ளிக்கூடம், நாலிலும் இதே கதைதான். வீட்டில் வாசித்தோம். உடலில் ஏற்படும் மாற்றங்கள் ஐந்து தருக என்று கேள்வி இருந்தது. அந்த வயதில் ஒருத்தருக்கு உள்ளுக்குள்ள என்ன நடக்குது என்று ஒரு வரியும் இல்லை.

அதைச் சொல்ல வேண்டியது கதைதான். அமெரிக்காவில் சாலிஞ்சர் 1951இல் 'த கேச்சர் இன் த றை' நாவலை வெளியிட்டார். பள்ளிக்கூடத்தால் கலைக்கப்பட்ட ஹோல்டன் என்ற பொடியன் தன் பதினாறு வயதைத் தன் வாயாலேயே சொல்கிறான். பெரியவர்கள் திருத்திய பாஷையில்லை, அவன்ர பாஷை. அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ பொடியளும் பெட்டையளும் அப்படிப் பேசிவிட்டார்கள். எங்கட பக்கத்தில் ஆர் பேசினது? பல்கலைக்கழக நூலகத்திலும் நூலகம் இணையத்தளத்திலும் இந்த ஒரு கேள்வியோடு தேடிப்பார்த்தோம். ஈழத்து நாவல்களில் தகப்பன்மார் இருக்கினம், வாத்திமார் இருக்கினம், கமக்காரரும் கடற்றொழிலாளரும் இருக்கினம். எங்கட வயசுக்காரர் பெரும்பாலும் படர்க்கையில் வந்து போறவைதான்.

ஆனால் ஒரு ஆள் ஆரம்பத்திலேயே அந்த வாசலைத் திறந்திருக்கிறார். அவர் நல்லூர்க்காரர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. எஸ். பொன்னுத்துரை, எஸ்.பொ. 1932இல் நல்லூரில் பிறந்து, நெடுங்காலம் மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்து, 2014இல் அவுஸ்திரேலியாவில் காலமானவர். அவருடைய 'தீ' 1961இல் வந்தது. ஹோல்டன் வந்து பத்தே வருஷம். ஒரு ஆண் தன் பாலியல் அனுபவங்களைச் சிறுவயதிலிருந்து வரிசையாக, தன்மையில், மறைப்பில்லாமல் சொல்லிக்கொண்டு போகிற சின்ன நாவல். ஆபாசம் என்று அதை ஏசினவர்கள் கன பேர். முற்போக்கு அணியோடு அவருக்கிருந்த பிணக்கும் அதில் சேர்ந்துகொண்டது.

இப்ப வாசிக்கேக்க எங்களுக்கு ஆபாசமாகத் தெரியவில்லை. இடறினது வேற. கதை சொல்கிறவன் வளர்ந்த ஆள், திரும்பிப் பார்த்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறான். அதனால் அந்தப் பொடியனின் குழப்பம் வளர்ந்தவனின் விளக்கத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அதோடு, வருகிற பெண்கள் எல்லாரும் அவன் ஏறிப்போகிற படிகள் மாதிரி. அவர்களில் ஒருத்திக்கு 'நான்' கிடைத்திருந்தால் கதை எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குள் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை. எண்டாலும் 1961இல் யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் வளர்வது எப்படி வலிக்கும் என்று எழுத்தில் வைத்தது சின்னக் காரியமில்லை.

அதற்குப் பிறகு அந்த வாசலால் அதிகம் பேர் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சரித்திரத்தைத்தான் பார்க்கவேண்டும். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. பல்கலைக்கழகம் போறதுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் கூடின புள்ளி எடுக்கவேண்டி வந்ததோடு, ஏஎல் சோதனை வெறும் சோதனையாக இல்லாமல் போனது. 1981 ஜூனில் யாழ் நூலகம் எரிந்து சாம்பலாய்க் கிடந்தது. 1983க்குப் பிறகு இயக்கங்களுக்குப் போனவர்களில் மீசை அரும்பாதவர்களும் இருந்தார்கள். பதினாறு வயதில் ஒரு புதுப்பெயர் கிடைத்தால் பழைய பெயருக்குரிய பொடியன் என்ன ஆவான்?

அந்தக் கேள்வியைத் தொட்ட நாவல் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்து, இளவயதிலேயே இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்சுக்கு அகதியாகப் போனவர் அவர். நாவலில் ரொக்கிராஜ் என்ற பொடியனுக்குத் தகப்பனின் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஊர்ச் சண்டியனான அந்தத் தகப்பனைத்தான் ஊர் 'கொரில்லா' என்று கூப்பிடுகிறது. மகன் கெரில்லாவாகப் போகிறான். ஒரு எழுத்து வித்தியாசத்தில் ஒரு வாழ்க்கையே பகிடியாகிவிடுகிறது. எங்களை நிறுத்தினது நாவலுக்குள் வருகிற அகதி விண்ணப்பம். நடந்ததெல்லாவற்றையும் அங்கே ஒரு 'நான்' வரிசைப்படுத்திச் சொல்கிறது. தன் சின்ன வயதை ஒருத்தன் தன் வாயால் சொல்லும்போது எதிரில் இருப்பது சிநேகிதன் இல்லை, விசா கொடுக்கிற அரசாங்கம்.

ஷ்யாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' (1994) ஆங்கிலத்தில் வந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனவர் அவர். ஏழு வயதில் மச்சாள்மாரோடு 'மணப்பெண் விளையாட்டு' விளையாடி, சீலை கட்டினதுக்காகப் பெரியாக்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்படுகிற ஆர்ஜி, கொழும்புத் தமிழ்ப் பொடியன். தனக்குப் பொடியன்களில்தான் விருப்பம் என்று அவன் அறிந்துகொள்வதும், தான் தமிழன் என்பதை ஊர் அவனுக்கு அறிவிப்பதும் ஒரே காலத்தில் நடக்கிறது. கடைசிப் பகுதி நாட்குறிப்பாக மாறிவிடுகிறது. 1983 ஜூலை, திகதி போட்டுப் போட்டு. கோர்வையாகக் கதை சொல்ல அந்தப் பிள்ளைக்கு இனி நேரமில்லை என்றுதான் நாங்கள் வாசித்தோம். அந்த ஜூலைக்குச் சாட்டாகச் சொல்லப்பட்ட தாக்குதல், 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டது, எங்கட திருநெல்வேலியில். வளாகத்தில் இருந்து நடக்கிற தூரம். ஆர்ஜியின் வீடு கொழும்பில் எரிகிறது, நாங்கள் அந்தப் பலாலி வீதியால்தான் தினமும் விரிவுரைக்குப் போறம்.

பெண் பிள்ளைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பெட்டையள் வளர்ந்தது இரகசியமில்லை. சாமத்தியவீடு, அழைப்பிதழ், வீடியோ, அல்பம். "பெரியபிள்ளை ஆகிட்டாள்" என்று ஊருக்கே சொல்லியாகிவிடும். அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் அல்பத்தில் இருக்காது.

வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வந்தது. அமெரிக்காவில் பிறந்த தமிழர். கிட்டத்தட்ட இருபது வருஷமாக எழுதின நாவல் இது. 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசும் கெரோல் ஷீல்ட்ஸ் பரிசும் பெற்றது. கதை சொல்கிற சசிக்கு 1981இல் பதினாறு வயது. யாழ்ப்பாணம், ஏஎல், டொக்டராக வேணும் என்ற ஆசை, நாலு சகோதரங்கள். கொதிதண்ணி ஊற்றுப்பட்டுக் கத்துகிறவளுக்கு, சைக்கிளில் போன அயல்வீட்டுப் பொடியன் கே. ஓடிவந்து முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைப் பூசுகிறான். மூத்த அண்ணன் 83இல் கொழும்பில் போய்விடுகிறான், இன்னும் இருவர் இயக்கத்துக்கு. அவள் மருத்துவபீடம் போகிறாள். ராஜினி திராணகமவை நினைவூட்டுகிற உடற்கூற்றியல் ஆசிரியை அங்கே அவளுக்கு வருகிறார்.

பிறகு நல்லூர். கே. உண்ணாவிரதம் இருக்கிறான், சசி பக்கத்தில் இருக்கிறாள். யாரை மனதில் வைத்து எழுதினது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1987 செப்டம்பர் 15 முதல் 26 வரை, தண்ணீரும் இல்லாமல், கந்தசுவாமி கோயில் வீதியில் இருந்த திலீபனுக்கு வயது 23. மருத்துவபீட மாணவன். ஊர் அதை மேடையைப் பார்த்து நினைவு வைத்திருக்கிறது. நாவல் அதை மேடையில் இருந்து, அவனைச் சின்னனில் இருந்து தெரிந்த ஒருத்தியின் கண்ணால் பார்க்கிறது. அவளுக்கு அவனில் விருப்பம், கோபம், அவன் உயிரோடு இருக்கவேணும் என்ற ஆசை. இதையெல்லாம் ஒரே நேரத்தில் சொல்ல ஒரு பெட்டைக்கு இடம் கிடைத்தது எங்களுக்குப் பெரிய விசயம். அந்த இடம் ஆங்கிலத்தில் கிடைத்தது என்பதில் ஒரு கவலையும் இருக்கு.

அதனால் ஒரு அத்தியாயத்தை நாங்களே தமிழாக்கிப் பார்க்கத் தொடங்கினோம். முதல் பந்தியிலேயே சண்டை. சசி எந்தத் தமிழில் பேசுவாள்? "நான் அழுதேன்" என்றால் ரேடியோச் செய்தி மாதிரி இருக்கு, "நான் அழுதனான்" என்றால் ஆரோ எங்கட மச்சாள் சொல்ற மாதிரி இருக்கு. இரண்டாவதுதான் சரி என்று மூன்று பேர், நாவல் முழுக்க அப்படி வாசிக்கேலாது என்று ஒருத்தி. எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் இருந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி கொண்டுவந்த அவளின் அம்மா கொஞ்சநேரம் நின்று கேட்டுவிட்டு, "ஆரது சசி, எவடத்துப் பிள்ளை?" என்றா. கதைதான் அன்ரி என்றோம். "எனக்கும் அப்ப பதினாறு. நாங்கள் பெட்டையள் எல்லாம் சைக்கிளில போனனாங்கள், வெயிலுக்க நிண்டு பார்த்தனாங்கள்" என்றா. பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா.

'அழுதனான்' என்றே எழுதினோம். இப்போது நாலாம் பக்கத்தில் நிற்கிறோம்.